பதினோராவது கேள்வி

கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்குக் கிடைத்துவிட்டால் அது பரீட்சையே இல்லை என்று டீச்சருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷமாக வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சைப் போட்டுக்கொண்டு டியூஷன் எடுக்கிறவள். இதெல்லாம் தேறாது என்று பள்ளிக்கூடமே கைகழுவின பிள்ளைகளைக் கரையேற்றி விட்டவள். அவளுடைய தொழில் சூட்சுமம் ஒன்றுதான். பழைய கேள்வித்தாள்களைப் புரட்டுவாள், இந்த வருஷம் எது வரும் என்று மோப்பம் பிடிப்பாள், அதை மட்டும் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றுவாள். "புரியலைன்னா பரவாயில்லை, மனப்பாடம் பண்ணு. புரியறது அப்புறமாத் தானா வரும்" என்பாள். பாதிப் பேருக்கு அது வரவே இல்லை. ஆனால் தேறிவிட்டார்கள், அதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவள் கட்சி.

அப்படி அவள் கரையேற்றின முதல் பிள்ளை அவளுடைய சொந்தத் தங்கைதான். முப்பது வயதான பிறகும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் சின்னவளுக்குத் தலை பின்னி விட்டதிலிருந்து கல்யாணம் பண்ணி வைத்தது வரை எல்லாம் அக்காதான். அக்கா சொல்லிவிட்டால் சின்னவளுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஏன், எதற்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை. இவள் எழுதிக் கொடுப்பாள், அவள் படித்துக்கொள்வாள், தேறிவிடுவாள்.

அந்தச் சின்னவள் இப்போது மனநல மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் ஆரம்பித்த கஷ்டம் இது. முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. குழந்தைக்குச் சிட்டு என்று செல்லப்பெயர் வைத்ததே அவள்தான், அவளே அதைத் தொடப் பயந்தாள். "நான் தொட்டா அதுக்கு ஏதாவது ஆயிரும்" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டீச்சரும் சொன்னாள். ஒரு நாள் மதியம், லிஃப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளை, மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பானரை எடுக்க வீட்டுக்கு வந்தான். குளியலறையில் குழாய் திறந்திருந்தது. பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றே?" என்று கேட்டான்.

"தொட்டி நிரம்பட்டும்னு உக்காந்திருக்கேன்" என்றாள்.

அந்த ஸ்பானரை மட்டும் அவன் மறக்காமல் இருந்திருந்தால், என்று டீச்சர் நினைத்துப் பார்க்காத நாளே இல்லை. 

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சின்னவள் பேச்சையும் விட்டாள். தண்ணீரை வாயில் ஊற்றினால் ஓரமாக வழியும். மாத்திரைகள் பலன் தருவதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரம்மா டீச்சரையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நரைத்த தலை, சுற்றி வளைக்காத பேச்சு.

"மாத்திரை பிடிக்கறதுக்கு இன்னும் பல வாரம் ஆகலாம். தண்ணிகூடக் குடிக்காம அவங்க அவ்வளவு நாள் தாங்க மாட்டாங்க. ஷாக் ட்ரீட்மென்ட் குடுத்துப் பாக்கலாம்."

 கட்டிப் போட்டு, வாயில் துணியை அடைத்து, கதறக் கதற என்று சினிமாவில் பார்த்ததெல்லாம் டீச்சரின் கண்முன் வந்து நின்றது. டாக்டரம்மா அதற்குத் தயாராகவே இருந்தாள். மயக்க மருந்து கொடுப்போம், தசைகள் தளர மருந்து கொடுப்போம், நெற்றிப்பொட்டு இரண்டிலும் சில விநாடி மின்சாரம், உடம்பு தூக்கிப் போடாது, வலி தெரியாது, வாரத்துக்கு இரண்டு தடவை, மொத்தம் எட்டு என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்.

"மறதி வரும். சமீபத்துல நடந்தது சிலது அழிஞ்ச மாதிரி இருக்கும். பெரும்பாலும் திரும்பி வந்துரும். ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டு அதைப் பாத்துக்கிட்டே போவோம். மறதி அதிகமாத் தெரிஞ்சா ஒரு பக்கம் மட்டும் குடுக்கற மாதிரி மாத்துவோம், நாளைத் தள்ளிப் போடுவோம், தேவைப்பட்டா நிறுத்துவோம்."

மாற்றுவோம், தள்ளிப் போடுவோம் என்பதெல்லாம் டீச்சர் காதில் ஏறவில்லை. நிறுத்துவோம் என்ற ஒரு சொல்தான் ஏறியது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். 

சிகிச்சை அறை வார்டின் கடைசியில் இருந்தது. உறவுக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள், ஆனால் கதவு சரியாகச் சாத்தாது. அந்த இடுக்கு வழியாக டீச்சருக்குத் தங்கையின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. தசை தளர்த்தும் மருந்து அந்த ஒரு பாதத்துக்கு மட்டும் போகாமலிருக்க, வலது கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். உள்ளே யாரோ "சரி" என்றார்கள். அந்த வலது பாதம் மட்டும் விரல்களை மடக்கி மடக்கித் துடித்தது, பிறகு ஓய்ந்தது. அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு நாள் தூங்காமல் செத்தேன் என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டாள்.

மூன்றாவது தடவை முடிந்த மறுநாள், சின்னவள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுக்கா" என்றாள்.

டீச்சர் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டினாள். சின்னவள் மென்றுகொண்டே அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சேலை நல்லாயிருக்கே. புதுசா?"

அந்தச் சேலையைப் போன வருஷம் அக்காவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததே சின்னவள்தான். டீச்சர் சிரித்தாள். சேலை ஞாபகம் இல்லாவிட்டால் குடியா முழுகிப்போய்விடும்? இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் சேலையைப் பார்க்கிறாளே, அது போதாதா.

நாலாவது தடவைக்கு முன்னால்தான் வந்தது வினை. ஒவ்வொரு தடவையும் காலையில் ஒரு பயிற்சி டாக்டர் வருவான். தூக்கம் போதாத கண்களும் கசங்கின கோட்டுமாக, அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு வந்து, பத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போவான். பெயர் என்ன, வயது என்ன, இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த இடம், கணவருக்கு என்ன வேலை, எத்தனை குழந்தை, குழந்தைக்கு என்ன வயது, வீட்டு விலாசம் என்ன, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எதற்காக இங்கே வந்தீர்கள். முதல் மூன்று தடவை சின்னவள் எதற்குமே வாய் திறந்ததில்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை பேசினாள். விலாசத்தில் தடுமாறினாள். குழந்தையின் வயதைக் கேட்டதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

பயிற்சி டாக்டர் தாளில் ஏதோ எழுதினான். "இன்னைக்குக் குடுத்துரலாம். அடுத்த தடவையும் இப்படி இருந்தா நிறுத்தி வச்சுட்டு யோசிக்கணும்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனான்.

டீச்சருக்கு நிறுத்துவதா என்று பகீரென்றது. நாலு தடவையில் பாதி மீண்டவளை நிறுத்தினால் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். மறுபடியும் அந்தத் தொட்டி, அந்தக் குழாய். அதை நினைக்க நினைக்க டீச்சருக்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் அவள் தொழில் புத்தி வேலை செய்தது. நாலு தடவையும் அந்தப் பையன் கேட்டது அதே பத்துக் கேள்வி, அதே வரிசையில். தாளைக்கூட மாற்றவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசல் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் வாங்கினாள். பத்துக் கேள்வியையும் நம்பர் போட்டு எழுதி, எதிரில் விடை எழுதினாள். விடைகள் கச்சிதமாக, ஒரு வரிக்கு மேல் போகாமல். பத்தாவது கேள்விக்கு, 'குழந்தை பிறந்த பிறகு தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை' என்று எழுதினாள். தொட்டியைப் பற்றி எழுதவில்லை. கிழமையை அன்றன்று காலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒன்பதாவது கேள்விதான் கொஞ்சம் இடறியது, ராத்திரிச் சாப்பாடு தினம் மாறுமே. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து சின்னவளுக்கு எல்லா ராத்திரியும் ரொட்டியும் பாலும்தான். இப்படிப்பட்ட மூளை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது, என்ன செய்ய.

சிகிச்சை நாளில் வெறும் வயிறாக இருக்கவேண்டும், தண்ணீரும் ஆகாது. விடிந்ததும் சின்னவளை எழுப்பி உட்கார வைத்து டீச்சர் ஆரம்பித்துவிடுவாள்.

"எத்தனை குழந்தை?"

சின்னவள் உதட்டை நக்கிக்கொண்டு யோசிப்பாள். "இல்லையே?"

"ஒண்ணு. பெண் குழந்தை. சொல்லு."

"ஒண்ணு. பெண் குழந்தை."

"வயசு?"

"தெரியலைக்கா."

"அஞ்சரை மாசம். எங்கே, சேத்துச் சொல்லு."

"ஒண்ணு, பெண் குழந்தை, அஞ்சரை மாசம். அக்கா, வாய் வறண்டு போச்சு. தண்ணி குடேன்."

"எல்லாம் முடிச்சுட்டு வந்து குடிக்கலாம். விலாசம் சொல்லு."

தப்பாகச் சொன்ன விடைக்கு எதிரில் சிவப்பு வட்டம், சரியாகச் சொன்னால் ஒரு டிக். பழக்க தோஷம், தேதி போட்டுத்தான் திருத்துவாள். சிவப்பு வட்டம் விழுந்த கேள்விகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள். எந்தப் பிள்ளைக்கும் ஒரு பாடம் இடறத்தான் செய்யும், இவளுக்கு ஆறாவது கேள்வியும் ஏழாவது கேள்வியும் இடறுகின்றன, அவ்வளவுதானே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஆறாவது கேள்வி என்ன கேள்வி என்று நின்று நிதானித்துப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பாள். பயந்தால் நிறுத்தவேண்டி வரும்.

ஐந்தாவது தடவை பயிற்சி டாக்டர் கேட்டான். பத்துக்குப் பத்து. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல முன்னேற்றம்" என்று தாளில் எழுதினான். வாசலில் நின்றிருந்த டீச்சருக்கு, தன்னிடம் படித்த பிள்ளை முதல் வகுப்பில் தேறின சந்தோஷம்.

ஆறாவது தடவைக்குப் பிறகு ஒரு நாள், சின்னவளைக் குளியலறைக்கு அழைத்துப் போய் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் குனிந்து தன் அடிவயிற்றைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"அக்கா, இது என்ன தழும்பு? எனக்கு எப்ப ஆபரேஷன் பண்ணாங்க?"

டீச்சர் கையில் இருந்த சொம்பு நின்றது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததை அப்படியே தள்ளி மூடிவிட்டாள். அடுத்தபடியாக அவள் யோசித்தது என்ன தெரியுமா? ஒருவேளை டாக்டர் இதைக் கேட்டுத் தொலைத்தால்?

"குழந்தை பொறக்கும்போது போட்டதுடி. மறந்துட்டியா?"

"ஓ" என்றாள் சின்னவள், ரொம்ப மரியாதையாக.

அன்று மாலை நோட்டில் பதினோராவது கேள்வி ஏறியது. 'வயிற்றில் உள்ள தழும்பு எதனால்? பிரசவ ஆபரேஷன்.' யாரும் கேட்காத கேள்வி. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வைத்தாள்.

ஏழும் எட்டும் முடிந்தன. எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. சின்னவள் தானாகத் தலை வாரிக்கொண்டாள், நர்ஸுகளோடு பேசினாள், பக்கத்துக் கட்டில்காரிக்கு ஊட்டிவிட்டாள். சாவைப் பற்றின பேச்சே இல்லை. டாக்டரம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சி பிழைச்சுட்டாங்க" என்றாள். அது பொய்யே இல்லை. இரண்டு வாரம் அக்கா வீட்டில் இருக்கட்டும், குழந்தையை மெல்ல மெல்லப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வார்டுக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள் என்பதால் சின்னவள் சிட்டைப் பார்த்து ஆறு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் சின்னவள் படுத்துத் தூங்கிப்போனாள். நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பால் புட்டியும் துணிகளும் திணித்த பை. ஆஸ்பத்திரியை டீச்சரிடமே விட்டுவிட்டு, ஆறு வாரமாக அவன் அம்மாவும் அவனும் மாறி மாறித் தூங்காமல் வளர்த்த குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. அவன் புதுச் சட்டை போட்டு, முகச்சவரம் பண்ணியிருந்தான்.

"தூங்கறாளா?" என்று மெதுவாகக் கேட்டான். "சிட்டை நீங்க வாங்கிக்குங்கக்கா. முழிச்சதும் நீங்களே குடுங்க. நான் குடுத்தா அழுதாலும் அழுதுருவேன்."

டீச்சர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். கணவர் வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். பிள்ளை இல்லை. அதற்காக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். சிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சேலையைப் பிடித்து இழுத்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு பொங்கி வந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.  வந்துவிட்டாள், என் தங்கை திரும்பி வந்துவிட்டாள்.

சின்னவள் ஓடி வந்து அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பொறந்துருச்சா உனக்கு? கடைசியில உனக்கும் பொறந்துருச்சா? என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

வாசலில் மாப்பிள்ளையின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. பால் புட்டி உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. சின்னவள் அதைக் கவனிக்கவில்லை. குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டாள்.

"நீ... நீதானடி டாக்டர்கிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னே" என்றாள் டீச்சர்.  "ஒண்ணு, பெண் குழந்தைன்னு."

"அதுவா?" சின்னவள் சிரித்தாள். "அது நீ டாக்டருக்காகச் சொல்லச் சொன்னதுதானே. சொன்னேன். ஏதாவது காரணமாத்தான் சொல்லச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலையில், மாப்பிள்ளையின் அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு டீச்சரும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற வழியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஞாபகமெல்லாம் நல்லாயிருக்குன்னுதானே எழுதினாங்க?" டீச்சர் பைக்குள் இருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வராமல் இருந்துவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தவள்தான். நோட்டை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தங்கையின் அந்தச் சிரிப்பு அவளைப் படுக்க விடவில்லை.

டாக்டரம்மா நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். ஒரு பக்கத்தையும் விடவில்லை. டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

"இந்தச் சிவப்பு வட்டம்?"

"தப்பாச் சொன்னது."

"ஆறாவது கேள்வி முதல் நாள்ல இருந்து சிவப்பாவே இருக்கே."

"அதனாலதான் அதை மட்டும் இருபது தடவை சொல்ல வச்சேன்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு கோரமானது என்று அவளுக்கே கேட்டது. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

டாக்டரம்மா கடைசிப் பக்கத்தில் பதினோராவது கேள்வியின் மேல் விரலை வைத்தாள். "இதை யாரும் கேக்கலையே."

"அவதான் கேட்டா" என்றாள் டீச்சர். "என்கிட்ட."

 டாக்டரம்மா பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டு அந்தப் பத்துக் கேள்விகள் இருந்த தாள்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள். எட்டுத் தாள்கள், எட்டிலும் அதே அச்சு. அவற்றை நோட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினாள்.

"ஒரே கேள்வித்தாளை எட்டுத் தடவை குடுத்தது எங்க தப்பு" என்றாள். "பள்ளிக்கூடத்துலகூட யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. ஆனா அம்மா, இந்த நோட்டை நீங்க அஞ்சாவது தடவையே காட்டியிருந்தா நான் முறையை மாத்தியிருப்பேன். நிறுத்தியிருக்க மாட்டேன். ஒரு பக்கமா மாத்தி, நாலு நாள் தள்ளிக் குடுத்திருப்பேன். அவங்க அப்பவும் பிழைச்சிருப்பாங்க. அப்பவும் கொஞ்சம் மறதி இருந்திருக்கும், இல்லைங்கல. இவ்வளவு போயிருக்காதுன்னு நினைக்கறேன்."

நிறுத்தியிருக்க மாட்டேன். டீச்சர் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்குப் பயந்தாளோ அது நடக்கவே போவதில்லையாம்.

"திரும்பி வருமா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"சிலது வரலாம். மாசக்கணக்காகும். மறந்துபோன இந்த ஒன்றரை வருஷத்துல, கர்ப்பமும் பிரசவமும் சேத்து, நிறைய வராமலே போகலாம். நான் உறுதி சொல்ல முடியாது." டாக்டரம்மா நோட்டை மூடி டீச்சர் பக்கம் நகர்த்தினாள். "உண்மையைச் சொல்லுங்க. மெதுவா, ஒரே தடவையில எல்லாத்தையும் கொட்டாம. குழந்தையோட பழகட்டும், பாசம் புதுசாக்கூட வரும். ஆனா இனிமே கேள்வி மட்டும் கேக்காதீங்க."

வெளியே வராந்தாவில் மாப்பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டான். திட்டுவான் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"சிட்டு பொறந்த அன்னைக்கு அவ அழுதாக்கா. சந்தோஷத்துல" என்றான். "முதல் முதல்ல அதைக் கையில வாங்கி, மூக்கு உங்களை மாதிரி இருக்குன்னா. இப்ப அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முன்னறைப் பெஞ்சு ஒன்றில், அந்தக் காலத்தில் அவள் வழக்கமாக உட்காருகிற மூலையில், குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டை ஒன்றை முகர்ந்து பார்த்தாள்.

"உன் பொண்ணு சேட்டைக்கா" என்றாள். "காலையில என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை."

டீச்சர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் அவள் ஒரு நாளும் தரையில் உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றான்.

"சின்னவளே, எனக்குக் குழந்தை பொறக்கலைடி."

சின்னவளின் கை மடிப்பில் நின்றது. "அப்ப அது யாரு குழந்தை?"

"உன்னோடது. உனக்குப் பொறந்தது. ஆறு மாசமாச்சு. உனக்கு உடம்பு முடியாமப் போச்சு, ட்ரீட்மென்ட்ல அது மறந்து போச்சு. மறக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சுது. டாக்டருக்குத் தெரியாம மறைச்சேன். நான்தான்."

சின்னவள் அழவில்லை. வாசலில் நிற்கும் கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போய், சேலைக்கு மேலாக அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எங்கேயோ தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். தேடித் தேடி வெறுங்கையோடு திரும்பி வருவதை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விடை எடுத்துக்கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

உள்ளே சிட்டு சிணுங்கிற்று. சின்னவள் கண்ணைத் திறந்தாள். பயந்துபோன முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரீட்சைக்கு முதல் நாள் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அக்காவின் மடியில் இருந்த நோட்டை அவள்தான் கையை நீட்டி எடுத்தாள். எழுதாத பக்கம் ஒன்றைத் தேடிப் பிரித்து, அக்காவின் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுக்கா" என்றாள். "படிச்சுக்கறேன்."